கோடை லீவில் பிள்ளைகளோடு, குப்பை சேர்க்காமல், ஐந்து நாள் எங்கே போகலாம்?

வெண்டைக்காய்_சாம்பார் (மாரத்தஹள்ளி, பெங்களூர்)

வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிக்கிறேன், இழை தொடங்குவது இதுதான் முதல் தடவை.

நாங்கள் ஐந்து பேர். நான், கணவர், ஒன்பது வயதுப் பெண், நாலு வயதுப் பையன், மாமியார். மாமியாருக்கு மூட்டு வலி, கீழே உட்காரும் டாய்லெட் முடியாது. ஏப்ரல் கடைசியில் ஐந்து நாள் கிடைக்கும்.

2024 கோடையில் 'எகோ ரிசார்ட்' என்று விளம்பரம் செய்த ஓர் இடத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். மூங்கில் சுவர், மண் விளக்கு, வாசலில் இயற்கையைப் பற்றி ஒரு மரப்பலகை. அறைக்குள் தினம் நாலு தண்ணீர் பாட்டில், விரல் நீளத்துக்கு ஷாம்பு புட்டிகள். காலையில் டேங்கர் வந்து நீச்சல் குளத்தை நிரப்பியது. அந்த வருஷம் பெங்களூரில் தண்ணீருக்கு நாம் பட்ட பாடு தெரியும்தானே. துணி அலசிய தண்ணீரில் பாத்ரூம் கழுவிவிட்டுக் கிளம்பியிருந்தோம். என் பெண் டேங்கரைப் பார்த்துவிட்டு, "அம்மா, நம்ம தண்ணி வண்டி இங்கே வந்திருக்கு" என்றாள். மறுநாள் பின்பக்கச் சரிவில் நடந்தால், குப்பையைக் கொட்டி எரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் அறை பாட்டில்களும் அதில் இருந்திருக்கும்.

இந்தத் தடவை அப்படி வேண்டாம். பிள்ளைகள் ஏதாவது பார்க்க வேண்டும், செய்ய வேண்டும். எங்களால் அந்த ஊருக்குப் பாரம் இருக்கக் கூடாது. யோசனை சொல்லுங்கள்.

கண்டோன்மென்ட்காரன்

ஊட்டி, ஆனால் கார் இல்லாமல். கோவை வரை ரயில், அங்கிருந்து மேட்டுப்பாளையம், காலை 7.10க்கு மலை ரயில். 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை இருக்கும், எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கடித்துக் கடித்து ஏறும். என் பையன் அதைக் குனிந்து பார்த்தே கழுத்து பிடித்துக்கொண்டான். 1899இல் குன்னூர் வரை, 1908இல் ஊட்டி வரை போட்ட பாதை.

கார் எடுத்துப் போனால் இ-பாஸ் வேண்டும். 2024 மே மாதம் உயர் நீதிமன்றம் கொண்டுவந்தது. அரசுப் பேருந்திலோ ரயிலிலோ போனால் அந்தத் தொல்லை கிடையாது. பிளாஸ்டிக் பாட்டில் இருந்தால் சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஊருக்குள் நாணயம் போட்டுப் பிடிக்கும் தண்ணீர் எந்திரம் வைத்திருக்கிறார்கள், வீட்டு பாட்டிலைக் கொண்டுபோனால் போதும்.

ஒரே சிக்கல், மலை ரயிலில் டிக்கெட். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. திறந்த அன்றைக்கே உட்கார வேண்டும்.

சீகூர்ப்பக்கம்

நான் ஊட்டிக்குக் கீழே மசினகுடிப் பக்கத்து ஆள், இப்போது எலக்ட்ரானிக் சிட்டியில் இருக்கிறேன். ஊட்டி வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, எங்கள் சொந்தக்காரர்கள் பிழைப்பே சுற்றுலாதான். ஆனால் ஏப்ரல், மே தவிர்த்து வேறு மாதம் வாருங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். அந்த இரண்டு மாதம் எங்கள் ஆட்களே மருத்துவமனைக்குப் போக ரோட்டில் காத்துக் கிடக்கிறார்கள்.

அப்புறம் இந்த 'எகோ' பலகை. சீகூர் யானை வழித்தடத்தில் கட்டிய விடுதிகளுக்கு முத்திரை வைக்கச் சொல்லி 2018இல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. 2020இல் வழித்தடம் யானைகளுக்குத்தான் என்று தீர்ப்பும் வந்தது. அந்த விடுதிகளிலும் யானைப் படம் போட்ட சுவர் இருந்தது, மண் விளக்கு இருந்தது. 2021 ஜனவரியில் மசினகுடியில் விடுதிப் பக்கம் வந்த ஒரு யானை மேல் தீப்பற்றிய பொருளை வீசினார்கள். அந்த யானை காதில் வெந்த புண்ணோடு செத்தது. நாடு முழுக்க வீடியோ பார்த்தது.

அறை போடும் முன் போனில் மூன்றே கேள்வி கேளுங்கள். தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள்? குப்பை எங்கே போகிறது? வேலை செய்கிறவர்கள் உள்ளூர்க்காரர்களா? உண்மையாக நடத்துகிறவர் சலிக்காமல் பதில் சொல்வார். சிலர் தோட்டத்தையே சுற்றிக் காட்டுவார்கள். "அதெல்லாம் எதுக்கு சார், ஜக்கூஸி இருக்கு" என்றால் வைத்துவிடுங்கள். "ராத்திரி ஜீப்பில் மிருகம் காட்டுறோம்" என்று சொன்னால் இரண்டாவது பேச்சே வேண்டாம். இரவில் காட்டுக்குள் தனியார் வண்டி போவது சட்டப்படியே குற்றம். பக்கத்துப் பந்திப்பூர் காட்டுச் சாலையே 2009இலிருந்து ராத்திரி ஒன்பது முதல் காலை ஆறு வரை மூடித்தான் கிடக்கிறது.

ஐடிபிஎல்_பெஞ்ச்

ஒரு குடும்பம் ரயிலில் போய்விட்டால் பூமி பிழைத்துவிடுமா? பக்கத்தில் விமான நிலையத்தில் நிமிஷத்துக்கு ஒன்று பறக்கிறது. பிள்ளைகளுக்கு லீவு, சந்தோஷமாகப் போய்விட்டு வாருங்கள். இதில் எதற்குக் குற்ற உணர்ச்சி?

சீகூர்ப்பக்கம்

பூமியைப் பற்றி நான் பேசவே இல்லையே. எங்கள் ஓடையில் கிடக்கும் டயப்பரைப் பற்றித்தான் பேசுகிறேன்.

ஐடிபிஎல்_பெஞ்ச்

சரி, அது நியாயம்.

பொடிஇட்லி

எல்லாரும் மலையையே சொல்கிறீர்கள். எனக்குத் தெரிந்து இருப்பதிலேயே பசுமையான பயணம் நம் 'மயிலாடுதுறை வண்டி'தான். மைசூரிலிருந்து வருவது, இப்போது கடலூர் துறைமுகம் வரை போகிறது. சாயங்காலம் பெங்களூரில் ஏறினால் விடியும்போது தஞ்சாவூர், கும்பகோணம். மிளகாய்ப்பொடி தடவி நல்லெண்ணெய் விட்ட இட்லி, வாழை இலையில் கட்டி மேலே நியூஸ்பேப்பர். ஓசூர் தாண்டும் முன்னால் பாதி காலியாகிவிடும். என் பாட்டி கூஜாவில் தண்ணீர் கொண்டுவருவாள். அந்தக் காலத்தில் ஊருக்குப் போய்த் திரும்பினால் குப்பை என்று எறிய எங்கள் கையில் என்ன இருந்தது? அந்த இலைதான், அதையும் மாடு தின்றுவிடும்.

ஊரில் வீடு இருக்கிறவர்கள் ஊருக்குப் போங்கள். அறை வாடகை இல்லை, கட்டிய வீடு, புதிதாக எந்தக் காட்டையும் வெட்ட வேண்டாம்.

மூன்றாவது_ஷிப்ட்

பொடிஇட்லி, ஒன்று கேட்கட்டுமா? அந்த இட்லியை அரைத்து, ஊற்றி, பொடி தடவி, இலையில் கட்டியது யார்?

ஊருக்குப் போனால் பிள்ளைகளுக்கு லீவு, கணவருக்கு லீவு, எனக்கு இடம் மாறிய சமையல். வேலைக்குப் போகும் பெண் வருஷத்தில் ஐந்து நாள் கால் நீட்டி உட்காரலாம் என்று பார்த்தால், விறகடுப்பு இல்லாத குறையாகப் பன்னிரண்டு பேருக்கு வடித்துக் கொட்ட வேண்டும். பெண்கள் ஏன் ரிசார்ட்டைக் கேட்கிறார்கள் என்று ஆண்களுக்குப் புரிவதே இல்லை. நீச்சல் குளத்துக்காக இல்லை ஐயா. யாரோ சமைத்த தோசை தட்டில் வந்து விழும், அதற்காக.

வெண்டைக்காய்_சாம்பார்

அப்பாடா. நான் சொல்லத் தயங்கியதை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். எங்களுக்கும் வைத்தீஸ்வரன்கோவில் பக்கம் மாமனார் வீடு பூட்டித்தான் கிடக்கிறது. கணவர் முதலில் சொன்னதே அதுதான். இந்த ஒரு காரணத்துக்காகத்தான் இங்கே வந்து கேட்டேன்.

பொடிஇட்லி

நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் இப்போது மாவு மட்டும் நான் அரைக்கிறேன். (மிக்ஸியில். சிரிக்காதீர்கள்.)

உருப்படியாக ஒன்று சொல்கிறேன். எங்கள் ஊர்ப்பக்கம் சின்ன மெஸ்கள் இன்னும் இருக்கின்றன. முதல் நாளே சொல்லிவிட்டால் மதியச் சாப்பாட்டுக்கு அடுக்குக் கேரியரை நிரப்பித் தருவார்கள். பாலிதீன் பையில் கட்டிய சாம்பார் வேண்டாம், கேரியரை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். காலைப் பலகாரத்தைக் கணவர் பார்த்துக்கொள்ளட்டும், ராத்திரிக்கு இருப்பதை வைத்து ஒப்பேற்றலாம். இதை டிக்கெட் எடுக்கும் முன் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

புதுஅம்மா_கம்மனஹள்ளி

இடையில் ஒரு கேள்வி. என் குழந்தைக்கு ஒன்றரை வயது. டயப்பர் இல்லாமல் பயணம் எப்படி? மேலே ஓடையைப் பற்றிப் படித்ததும் திக்கென்றது.

மூன்றாவது_ஷிப்ட்

பகலில் துணி, ராத்திரிக்கும் ரயிலுக்கும் மட்டும் டயப்பர் என்று வைத்துக்கொண்டால் ஐந்து நாளுக்குப் பத்துக்குள் முடியும். ஏப்ரல் வெயிலில் துணி அரை மணியில் காய்ந்துவிடும். போட்டதைச் சுருட்டி, பேப்பரில் கட்டி, இறுக மூடும் ஒரு டப்பாவில் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள். இங்கே வழக்கம்போலச் சிவப்புக் குறி போட்டுத் தனியாகக் கொடுத்தால் எடுத்துப் போகிறார்கள். கிராமத்தில் அதை வாங்க யாரும் இல்லை, ஒன்று புதைப்பார்கள், இல்லாவிட்டால் குளத்தங்கரை. ரயில் டாய்லெட்டில் போடவே போடாதீர்கள். இப்போது எல்லாம் பயோ டாய்லெட், ஒரு டயப்பர் போனால் அடைத்துக்கொள்ளும், அந்தப் பெட்டிக்கே நரகம்.

நாரைக்குஞ்சு

ஐந்து நாள் போகும் முன்னால் ஒரு நாள் வெள்ளோட்டம் பார்க்கலாமே. கொக்கரே பெள்ளூர். இங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர், மைசூர் சாலையில் மத்தூருக்கு முன்னால் உள்ளே திரும்ப வேண்டும். கன்னடத்தில் கொக்கரே என்றால் நாரை, நம் கொக்குக்குச் சொந்தம்தான்.

இது வேலி போட்ட சரணாலயம் இல்லை, ஊர். தெருவில் நிற்கும் புளியமரத்தில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு கட்டும். கீழே திண்ணையில் ஆள் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பறவைகள் இருக்கும் மரத்தில் புளி உலுக்க மாட்டார்கள், அதற்காக வனத்துறை ஈட்டுத்தொகை தருகிறது. விழும் எச்சம் வயலுக்கு எரு. ஏப்ரலில் போனால் குஞ்சுகள் நன்றாக வளர்ந்திருக்கும், தாயின் தொண்டைப் பைக்குள் தலையை விட்டு மீனைப் பிடுங்கும். குழந்தைக்கு இதைவிடப் பெரிய சினிமா கிடையாது.

வழியில் சென்னபட்டணம். மரப்பொம்மை கடைகளில் பட்டறை எங்கே என்று விசாரித்துப் போங்கள். நம் ஊரில் வெட்பாலை என்கிற மரம்தான். சுழலும் கட்டையின் மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால் சூட்டில் உருகி நிறம் ஏறும், அதன் மேல் தாழை ஓலையால் தேய்த்தால் பளபளப்பு. பெயின்ட் டப்பாவே கிடையாது.

அரசுப் பேருந்தில் போனால், கர்நாடக முகவரி உள்ள பெண்களுக்கு டிக்கெட் இல்லை. உங்கள் வீட்டில் ஆண்களுக்கு மட்டும்தான் செலவு.

கொடுமுடி

நாரைக்குஞ்சு சொன்னதை ஒட்டி இன்னொன்று. பெங்களூர்க் குழாயில் வருவது காவிரி, சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருந்து பம்பு வைத்து மலையேற்றிக் கொண்டுவருகிறார்கள். பிள்ளைகளை அந்த ஆற்றோடேயே கூட்டிப் போகலாம். ஸ்ரீரங்கப்பட்டணம், சிவனசமுத்திரம் (1902இலேயே அங்கிருந்து கோலார் தங்கவயலுக்குக் கரண்டு போயிற்று), ஒகேனக்கல், மேட்டூர், முக்கொம்பு, கல்லணை, கடைசியில் பூம்புகார். ஆனால் ஏப்ரலில் கும்பகோணத்தில் போய்ப் பார்த்தால் ஆறு இருக்காது, மணல்தான். பையன்கள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள். மேட்டூர் திறப்பது ஜூன் 12, அதுவும் தண்ணீர் இருந்தால். தசரா லீவில் போனால் நுரைத்துக்கொண்டு ஓடும்.

ஐடிபிஎல்_பெஞ்ச்

ஏன் மணலாக இருக்கிறது என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? அதையும் சொல்லுங்கள்.

கொடுமுடி

சொல்லுகிறேன். 1924 ஒப்பந்தத்திலிருந்து ஆரம்பிப்போம்

மட்டுறுத்துநர்

ஆரம்பிக்க வேண்டாம். காவிரிக்குத் தனி இழை இருக்கிறது, அதையும் இரண்டு தடவை பூட்டியிருக்கிறேன். இங்கே லீவைப் பற்றி மட்டும்.

கண்டோன்மென்ட்காரன்

வைத்தீஸ்வரன்கோவில் என்றால் பிச்சாவரம் அலையாத்திக் காடு பக்கம்தானே. சீர்காழி வழியாகச் சிதம்பரம், அங்கிருந்து டவுன் பஸ். மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகு எடுங்கள். குறுகின கால்வாய்க்குள் அதுதான் நுழையும், சத்தமும் இல்லை. காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் வெயில் கொல்லும்.

வெண்டைக்காய்_சாம்பார்

எல்லாருக்கும் நன்றி. வீட்டில் பேசிவிட்டோம். ஊர்தான். கேரியர் நிபந்தனை ஏற்கப்பட்டது, சாட்சி மாமியார். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொக்கரே பெள்ளூர். வந்து எழுதுகிறேன்.

---

வெண்டைக்காய்_சாம்பார் (மே முதல் வாரம்)

எழுதுகிறேன் என்று சொன்னேன் இல்லையா, இதோ. நீளமாகத்தான் இருக்கும்.

கொக்கரே பெள்ளூரில் இறங்கிய ஐந்தாவது நிமிஷம் மாமியாரின் புதுச் சுங்குடி மேல் எச்சம். பக்கத்து வீட்டு அம்மா சிரித்துக்கொண்டே ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தார். இருவருக்கும் பாஷை தெரியாது, அரைமணி நேரம் மூட்டு வலியைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். பையன் பறவையை விட்டுவிட்டு ஆட்டுக்குட்டி பின்னால் போய்விட்டான். பெண் மட்டும் அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள்.

ஊருக்கு வருகிறேன். மயிலாடுதுறையில் இறங்கிப் பஸ் பிடித்தோம். பூட்டிக் கிடந்த வீடு, முதல் நாள் முழுக்கக் கூட்டிப் பெருக்குவதிலேயே போயிற்று. எல்லாரும் பெருக்கினோம், அதையும் சொல்லிவிட வேண்டும். டாய்லெட் விஷயத்தை நாங்கள் சரியாக யோசிக்கவில்லை. கடைசியில் சீர்காழியில் ஒரு பிளாஸ்டிக் கமோட் நாற்காலி வாங்க வேண்டியதாயிற்று. பிளாஸ்டிக் வேண்டாம் என்று கிளம்பிய குடும்பம் பஸ் கூரை உயரத்துக்கு அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துக் கண்டக்டர் ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் சாதாரண பஸ்ஸில் எனக்கும் பெண்ணுக்கும் டிக்கெட் இல்லை, கணவருக்கு மட்டும் வாங்கினோம்.

இரண்டாம் நாள் பையனுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. மதியம் கரண்டு போனால் வீடு அடுப்பு மாதிரி. "ஏசி ரூமுக்குப் போகலாம்" என்று ஒரு பாட்டம் அழுதான். எனக்கும் அழலாம் போலத்தான் இருந்தது.

அவனைத் தேற்றியது எதிர்வீட்டுத் தாத்தாவின் நுங்கு. சீவி, கண்ணைத் தோண்டித் தின்னக் கொடுத்துவிட்டு, காலி மட்டை இரண்டையும் எடுத்தார். நடுவில் ஒரு குச்சியைச் செருகி இரண்டையும் சேர்த்தார், கவட்டை உள்ள நீளக் கம்பு ஒன்றை வெட்டி அந்தக் குச்சியில் வைத்துத் தள்ளிக் காட்டினார். அவ்வளவுதான். மூன்று நாள் தெருவில் அந்த வண்டி ஓடியது. நாலாம் நாள் சக்கரம் கறுத்துச் சுருங்கிப் புளிப்பு வாடை வந்தது, ஊர்ப்பட்ட எறும்பு. ரயிலில் கொண்டுபோக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். கம்பை மட்டும் கொண்டுவந்தோம், பால்கனியில் இருக்கிறது.

பிச்சாவரத்தில் படகுக்காரர் ஒரு மரத்தைக் காட்டி, "பாப்பா, இதை ஒடிச்சிடாதே, பால் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. இதுதான் தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லைன்னு பேரு இதுலேர்ந்துதான் வந்துச்சு" என்றார். வேறு மரங்களின் வேர்கள் சேற்றிலிருந்து பென்சில் நட்டுவைத்த மாதிரி மேலே நீட்டிக்கொண்டிருந்தன, மூச்சு விடுவதற்காம். ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள நண்டு, சேற்றில் தத்தித் தாவும் மீன். பெண் மீனைப் பார்த்துவிட்டு, "அது மீனா, இன்னும் முடிவு பண்ணலையா?" என்றாள். சுனாமியின்போது இந்தக் காடு தங்கள் ஊரைக் காப்பாற்றியதாக அவர் சொன்னார். அப்போது தாம் எங்கே நின்றுகொண்டிருந்தார் என்பதையும் சொன்னார். அதற்கப்புறம் கரை வரைக்கும் நாங்கள் யாரும் பேசவில்லை.

கணவரின் உப்புமா ஐந்து நாளில் மூன்று நாள். நான் குறை சொல்லவில்லை. மெஸ்காரர் கேரியரைப் பார்த்ததும், "இப்ப யாருமா இதெல்லாம் கொண்டுவர்றாங்க" என்று ஒரு கரண்டி கூட்டு அதிகம் போட்டார். நான் திண்ணையில் கால் நீட்டி இரண்டு மதியம் தூங்கினேன். மூன்றாவது_ஷிப்ட், இது உங்களுக்காக.

குப்பைக் கணக்கு: ஒரு துணிப்பையில் போட்டு இங்கே திருப்பிக் கொண்டுவந்தோம். பால் பாக்கெட் ஏழு (மூன்றாம் நாளிலிருந்து பக்கத்து வீட்டுப் பசும்பால், செம்பில் வாங்கினோம்), சிப்ஸ் பாக்கெட் ஆறு, பிஸ்கட் உறை நாலு, மாத்திரை அட்டை இரண்டு, வேர்க்குருப் பவுடர் டப்பா ஒன்று. சிப்ஸ் முழுக்க மாமியார் வாங்கிக் கொடுத்தது.

நாரைக்குஞ்சு

இன்னும் முடிவு பண்ணாத மீன்! என் வகுப்பில் இதைச் சொல்லப் போகிறேன்.

சீகூர்ப்பக்கம்

படகுக்காரர் சொன்னதை இன்னொரு நாள் விரிவாக எழுதுங்கள்.

பொடிஇட்லி

தசராவுக்கு நாங்கள் கும்பகோணம் போகிறோம், அப்பாவையும் கூட்டிக்கொண்டு. அவருக்கும் மூட்டுதான். அந்தக் கமோட் நாற்காலி இப்போது எங்கே இருக்கிறது? ஐந்து நாளுக்குப் புதிதாக ஒன்று வாங்க மனசு வரவில்லை.

வெண்டைக்காய்_சாம்பார்

ஊரிலேயே விட்டுவிட்டோம். சாவி எதிர்வீட்டுத் தாத்தாவிடம், அவர் எண்ணைத் தனிமடலில் அனுப்புகிறேன். திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடுங்கள், டிசம்பரில் எங்களுக்கு வேண்டும். அவரிடம் நுங்கு கேட்காதீர்கள், அக்டோபரில் இருக்காது.